அரிசி வண்டும் மின்புலமும்: வாசகர் கேள்வி – பதில்

காலபோக நெல் வீடு வந்து சேர்ந்து, குற்றிய அரிசியும் உழுந்தும் பயறும் சாக்குகளிலும் வாளிகளிலும் நிறைந்திருக்கும் இந்த நாட்களில் வண்டைப் பற்றிக் கேட்டுக் கடிதங்கள் வருவது வழக்கம். இம்முறை வந்தவற்றுள் பல, மின்சாரத்தைக் கொண்டு களஞ்சியப் பீடைகளை அடக்க முடியுமா என்ற ஒரே பொருளைச் சுற்றி இருந்தமையால் அவற்றை ஒன்றாகத் தொகுத்துப் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: எங்கள் வீட்டு மொட்டைக்கறுப்பன் பச்சையரிசியில் வண்டு விழுந்துவிட்டது. மகன் வாங்கித் தந்த நுண்ணலை அடுப்பில் கொஞ்சம் கொஞ்சமாக வைத்துச் சூடாக்கினால் வண்டு செத்துவிடும் என்று அயலவர்கள் சொல்கிறார்கள். செய்யலாமா? (வாசகி, சாவகச்சேரி)

பதில்: வேண்டாம், அம்மா. வண்டு முழுவதும் சாகாது, அரிசி பழுதாகும். இதே கேள்வி எனக்கும் இருந்ததால், பதில் எழுதுவதற்கு முன் என் சமையலறையிலேயே செய்து பார்த்தேன். ஒரு கைப்பிடி அரிசியையும் அதில் பொறுக்கி விட்ட இருபது வண்டுகளையும் கண்ணாடித் தட்டில் பரப்பி, ஒரு நிமிடம் அடுப்பை இயக்கினேன். தட்டின் நடுவில் சில அரிசிகள் பொரியரிசி போல மணத்துப் பழுப்பு நிறமாகிவிட்டன. வண்டுகள் எல்லாமே கால்களை மடக்கிக்கொண்டு அசையாமல் கிடந்தன. ஆயினும், அச்சம் வந்தால் செத்ததுபோலக் கிடப்பது அரிசி வண்டின் இயல்பு என்பதை நினைவில் வைத்துச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். தட்டின் விளிம்பில் கிடந்தவற்றில் நான்கு மெல்லக் காலை நீட்டி, கூன் மூக்கை அசைத்து, நடந்து போய்விட்டன.

இதற்கு அடுப்பைக் குறை சொல்லிப் பயனில்லை. அது சமைப்பதற்கென்று செய்யப்பட்டது. அதன் அலைகளின் மீடிறன், அதாவது ஒரு செக்கனில் அலை அதிரும் தடவைகளின் எண்ணிக்கை, 2450 மெகாஹேர்ட்ஸ்; அலைநீளம் ஏறத்தாழ 12 சென்ரிமீற்றர். அடுப்புக்குள் இந்த அலைகள் எதிரொலித்து ஒன்றின்மேல் ஒன்று விழுவதால், சில இடங்கள் கொதிக்கும். இரண்டு விரல் தள்ளி இன்னோர் இடம் குளிர்ந்தே இருக்கும். இரண்டு மூன்று மில்லிமீற்றர் நீளமுள்ள வண்டுக்கு அந்தக் குளிர்ந்த இடம் ஒரு பெரிய முற்றம். அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. இந்த மீடிறனில் வண்டும் தானியமும் ஏறத்தாழச் சேர்ந்தே சூடாகின்றன. அமெரிக்க விவசாயத் திணைக்களத்தில் நீண்ட காலம் பணியாற்றிய ஸ்ருவார்ட் நெல்சனும் அவரோடு சேர்ந்தவர்களும், கோதுமையில் வாழும் அரிசி வண்டுகளை இரண்டு மீடிறன்களில் சோதித்து ஒப்பிட்டார்கள். 39 மெகாஹேர்ட்ஸில், கோதுமையின் வெப்பநிலை 40 பாகை செல்சியஸ் அளவில் இருந்தபோதே வளர்ந்த வண்டுகள் அனைத்தும் இறந்தன. 2450 மெகாஹேர்ட்ஸிலோ, அதே விளைவைப் பெறக் கோதுமையை 80 பாகைக்கு மேல் சூடாக்க வேண்டியிருந்தது. நாற்பது பாகை என்பது எங்கள் சித்திரை வெயிலில் முற்றத்தில் காயும் நெல்லுக்குப் பழகிய சூடு. எண்பது பாகையில் அரிசியில் வெடிப்பு விழும், விதையாயின் முளைக்காது.

கேள்வி: அப்படியாயின் ஒரு குறிப்பிட்ட மீடிறனில் மட்டும் பூச்சி தானியத்தைவிட அதிகமாகச் சூடாவது ஏன்? உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கிறேன். சற்று விரிவாக விளக்க முடியுமா? (மாணவர், கோப்பாய்)

பதில்: விரிவாகவே எழுதுகிறேன், தம்பி. மற்றக் கேள்விகள் எல்லாவற்றுக்கும் வேர் இதில்தான் இருக்கிறது.

கொள்ளளவி ஒன்றின் இரண்டு தகடுகளுக்கு இடையில் நெல்லையோ கோதுமையையோ நிரப்பி, தகடுகளுக்கு மிக விரைவாகத் திசை மாறும் வோல்ற்றளவைக் கொடுப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். இடையில் உள்ள பொருள் அந்த மின்புலத்தின் சக்தியில் ஒரு பகுதியை விழுங்கி வெப்பமாக்கிக்கொள்ளும். எவ்வளவு விழுங்கும் என்பதைக் குறிக்கும் எண்ணை இழப்புக் காரணி என்று வைத்துக்கொள்வோம். ஓர் அலகுக் கனவளவில், ஒரு செக்கனில் பிறக்கும் வெப்பம், மீடிறனுக்கும், பொருளுக்குள் நிலவும் மின்புலச் செறிவின் வர்க்கத்துக்கும், இழப்புக் காரணிக்கும் நேர்விகித சமமானது. தகடுகளுக்கு இடையில் தானியமும் பூச்சியும் ஒன்றாகவே கிடக்கின்றன. மீடிறன் இரண்டுக்கும் ஒன்றே. ஆகவே இழப்புக் காரணி எதற்கு அதிகமோ அது முந்திச் சூடாகும்.

அந்த வேறுபாடு நீரிலிருந்து வருகிறது. நன்றாகக் காய்ந்த தானியத்தில் ஈரப்பதன் 12 முதல் 14 சதவீதம் வரை இருக்கும். வளர்ந்த அரிசி வண்டின் உடலில் ஏறத்தாழப் பாதி நீர். அளவில் மட்டுமன்றித் தன்மையிலும் அந்த நீர்கள் வேறானவை. தானியத்தின் நீர் மாப்பொருளோடும் புரதத்தோடும் ஒட்டிக் கட்டுண்டு கிடக்கிறது. அதில் கரைந்து ஓடித்திரியும் அயன்கள் இல்லையென்றே சொல்லலாம். வண்டின் உடல்நீரோ உப்பு கரைந்த, ஓடும் திரவம். வானொலி அலைகளுக்குரிய பத்து முதல் நூறு மெகாஹேர்ட்ஸ் வரையான வீச்சில், அந்தத் திரவத்தின் அயன்கள் மின்புலம் திரும்பும் போதெல்லாம் முன்னும் பின்னும் இழுபட்டு, உராய்ந்து, வெப்பத்தைப் பிறப்பிக்கின்றன. தானியத்தில் இது நிகழ்வதில்லை. ஆகையால் இந்த வீச்சில்தான் பூச்சியின் இழப்புக் காரணி தானியத்தினதைவிட மிக உயர்ந்து நிற்கிறது. மீடிறனை ஆயிரக்கணக்கான மெகாஹேர்ட்ஸுக்கு உயர்த்தினால், அயன்கள் நகர்வதற்குள் புலம் திரும்பிவிடும். அவற்றின் பங்கு மீடிறனுக்கு நேர்மாறாகக் குறைந்துகொண்டே போகும். அங்கே வேலை செய்வது நீர் மூலக்கூறுகள் புலத்தின் திசைக்குத் திரும்ப முயல்வதால் எழும் வெப்பம். அதில் தானியமும் தன் பங்கை எடுத்துக்கொள்வதால் இடைவெளி சுருங்குகிறது.

அப்படியானால் மீடிறனை இன்னும் கீழே கொண்டுபோனால் என்ன என்று நீங்கள் கேட்கக்கூடும். இரண்டு தடைகள் உண்டு. மீடிறன் குறைந்தால் அதே வெப்பத்தைப் பெற மின்புலத்தை அதிகரிக்க வேண்டும். ஓர் எல்லைக்கு மேல் தகடுகளுக்கு இடையில் தீப்பொறி பாயும். மற்றையது நுட்பமானது, இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். நீர் நிறைந்த வண்டின் உடல், தன்னைச் சூழ்ந்த தானியத்தைவிட எளிதாக முனைவாகிறது, அதாவது அதன் நேர், மறை ஏற்றங்கள் எதிரெதிர்ப் பக்கங்களுக்கு விலகுகின்றன. அதனால் உடலுக்குள் மின்புலம் சற்று வலுவிழந்துவிடுகிறது. வெப்பம் மின்புலத்தின் வர்க்கத்தில் தங்கியிருப்பதால், இழப்புக் காரணிகளின் விகிதத்தை மட்டும் பார்த்து எதிர்பார்க்கும் அளவுக்குப் பூச்சி சூடாவதில்லை. வாதுமையை ஒத்த வால்நட் கொட்டைகளில் செய்த சோதனைகளில், 27 மெகாஹேர்ட்ஸில் பூச்சி பருப்பைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு விரைவாகவே சூடானது; 915 மெகாஹேர்ட்ஸில் வேறுபாடே தென்படவில்லை. ஒன்றரை மடங்கு என்பது சிறிய எண்ணாகத் தோன்றலாம். ஆனால் பெரும்பாலான களஞ்சியப் பீடைகள் 50 முதல் 60 பாகைக்குள் சில நிமிடங்களில் இறந்துவிடுகின்றன; தானியம் கெடத் தொடங்குவதற்கும் பூச்சி சாவதற்கும் இடையிலான அந்தக் குறுகிய வழியில் ஐந்து பாகை கூடப் பெரிய உதவி.

ஒன்றை மட்டும் அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள்: தானியம் எவ்வளவு உலர்ந்திருக்கிறதோ அவ்வளவுக்கு இந்த முறை பலிக்கும். ஈரமான நெல்லின் இழப்புக் காரணி உயர்ந்து பூச்சியினதை நெருங்கிவிடும்.

கேள்வி: சிறிய அரிசி ஆலை ஒன்றை நடத்தி வருகிறேன். நீங்கள் சொல்லும் வானொலி அலை இயந்திரம் ஒன்றை அமைத்தால், மருந்து அடிக்காத அரிசி என்று விற்கலாமே? (ஆலை உரிமையாளர், சுன்னாகம்)

பதில்: உங்கள் எண்ணம் நல்லது, ஐயா. ஆனால் இப்போதைக்கு அந்த இயந்திரத்துக்குக் கடன் எடுக்க வேண்டாம் என்பதே என் கருத்து. வானொலி அலைகள் பூச்சிகளின் மீது செய்யும் விளைவைப் பற்றி 1929 ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவின் நியூ ஜேர்சியில் ஆய்வுக் கட்டுரை எழுதிவிட்டார்கள். இத்தனை ஆண்டுகள் கடந்தும் உலகின் களஞ்சியங்களில் பூச்சிகளைக் கொல்லும் பொஸ்பீன் வாயுவே ஆட்சி செய்கிறது. காரணம் செலவு. ஒரு தொன் அரிசியை 25 பாகை உயர்த்துவதற்கு வேண்டிய மின்சக்தி ஏறத்தாழப் பன்னிரண்டு அலகு; இயந்திரத்தில் வீணாகும் சக்தியையும் சேர்த்தால் இன்னும் கூடும்; பின்பு அந்தச் சூட்டை ஆற்றவும் விசிறி வேண்டும். தகடுகளுக்கு இடையில் சூடு ஒரே சீராகப் பரவுவதில்லை என்பது இரண்டாவது சிக்கல். குவியலின் மூலைகளும் விளிம்புகளும் ஒரு விதமாகவும் நடு வேறு விதமாகவும் சூடாகும். குறைந்த சூடு பட்ட இடத்தில் தப்பிய ஒரு பெண் வண்டு தன் வாழ்நாளில் முந்நூறு முட்டைகள் வரை இடும். வால்நட் போன்ற விலையுயர்ந்த பண்டத்துக்கு இந்தச் செலவு கட்டுப்படியாகிறது. கிலோவுக்குச் சில ரூபாய் இலாபத்தில் ஓடும் ஆலைக்கு அது பெரும் சுமை.

இருந்தாலும் இந்த வழியைக் கைவிடக் கூடாது என்றே விரும்புகிறேன். களஞ்சியப் பூச்சிகளைக் கொல்லப் பயன்பட்ட இன்னொரு வாயுவான மீதைல் புரோமைட்டு ஓசோன் படையைக் கெடுப்பதால் மொன்றியல் உடன்படிக்கையின் கீழ், குறிப்பிட்ட சில தேவைகள் நீங்கலாக, விலக்கப்பட்டுவிட்டது. பொஸ்பீனுக்கோ பல நாடுகளில் வண்டுகள் எதிர்ப்பாற்றல் பெற்றுவிட்டன. சூட்டுக்கு எதிராக அவ்வளவு எளிதில் எதிர்ப்பாற்றல் வளராது. பேரளவில் செய்ய வேண்டியவர்கள் வேறொரு மின் வழியையும் பயன்படுத்தியிருக்கிறார்கள்: கருங்கடலோரத்து ஒடெசாத் துறைமுகத்தில் 1980 முதல், இறக்குமதியாகும் தானியத்தை இலத்திரன் கற்றையின் ஊடாகப் பாயவிட்டுப் பூச்சிகளை மலடாக்கியும் கொன்றும் வந்தார்கள். தானியம் சூடாவதே இல்லை. அது துறைமுகத்துக்கு ஏற்ற அளவு. சுன்னாகத்து ஆலைக்கு ஏற்றதன்று.

கேள்வி: வெளியில் ஒரு துளையும் தெரியாத நெல்மணிக்குள்ளும் புழு இருக்கிறதாம். அதை மின்சாரத்தால் கண்டுபிடிக்கலாமா? (ஆசிரியை, நெல்லியடி)

பதில்: கண்டுபிடிக்கலாம், அதற்கும் அடிப்படை அதே உடல்நீர்தான். பெண் அரிசி வண்டு தன் மூக்கால் மணியில் சிறு குழி தோண்டி, ஒரு முட்டையை இட்டு, பசை போன்ற கசிவால் அதை அடைத்துவிடுகிறது. அந்த அடைப்பு மணியின் நிறத்திலேயே இருப்பதால் கண்ணுக்குப் புலப்படாது. புழு உள்ளேயே தின்று, உள்ளேயே கூட்டுப்புழுவாகி, ஏறத்தாழ ஒரு மாதத்தில் வண்டாகி வெளியே வரும்போதுதான் நாம் அந்தத் துளையைக் காண்கிறோம்.

உங்கள் மாணவர்களுக்குக் காட்டக்கூடிய ஒரு சோதனையைச் சொல்கிறேன். மின்தடையையும் வோல்ற்றளவையும் அளக்கும் பல்மானியை அதன் மிக உயர்ந்த தடை வீச்சில் வைத்து, உலர்ந்த அரிசியொன்றின் இரு முனைகளிலும் அதன் ஊசிகளைத் தொடுங்கள், முள் அசையாது. பின்பு, சேதமான அரிசியைப் பிளந்து எடுத்த வெண்ணிறப் புழுவை ஒரு துண்டுக் கண்ணாடியில் வைத்து, இரண்டு ஊசிகளாலும் மெல்ல நசுக்குங்கள். நான் செய்தபோது, புழுவின் மெழுகுத் தோல் முழுதாக இருந்த வரைக்கும் முள் சும்மா இருந்தது. தோல் கிழிந்து ஒரு துளி கசிந்த கணத்தில் முள் துள்ளி எழுந்தது. அமெரிக்காவில் கோதுமை ஆய்வுகூடங்களுக்கென்று உருவாக்கப்பட்ட ஒரு கருவி செய்வதும் இதையே. இரண்டு உலோக உருளைகளுக்கு இடையில் சிறிய வோல்ற்றளவைக் கொடுத்துவிட்டு மணிகளை ஒன்றன்பின் ஒன்றாக நசுக்குகிறார்கள். புழு உள்ள மணி நசுங்கும்போது மின்னோட்டம் சட்டென்று உயர்கிறது. கொழுத்த புழுவையும் கூட்டுப்புழுவையும் அது நன்றாகப் பிடிக்கும். முட்டையையும் பிறந்த சின்னஞ்சிறு புழுவையும் தவறவிடும். ஆகவே சுத்தம் என்று கருவி சொன்ன தானியத்தையும் இரண்டு கிழமை கழித்து மீண்டும் பார்க்க வேண்டும்.

கேள்வி: சுவரில் உள்ள மின்செருகியில் மாட்டினால் வீட்டு மின்கம்பிகள் வழியாக அலைகளைப் பரப்பி எல்லாப் பூச்சிகளையும் விரட்டும் என்று ஒரு சிறு கருவி விற்கிறார்கள். அரிசி வாளிக்குப் பக்கத்தில் மாட்டலாமா? (வாசகர், சங்கானை)

பதில்: காசைக் கரியாக்காதீர்கள். மேலே சொன்ன சூட்டைப் பிறப்பிக்க, கிலோவாற்றுக் கணக்கான வலுவைத் தகடுகளுக்கு இடையில் குவிக்க வேண்டும். உள்ளங்கை அளவான கருவி எடுக்கும் ஒன்றிரண்டு வாற்று அரிசி மூட்டைக்குள் எதையும் செய்யாது. கேளா ஒலியால் பூச்சியை விரட்டுவதாகச் சொல்லப்படும் கருவிகளைப் பற்றி 2001 இல் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம், அறுபதுக்கு மேற்பட்ட தயாரிப்பாளர்களுக்கும் விற்பனையாளர்களுக்கும் எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. இன்னொன்றையும் வற்புறுத்திச் சொல்கிறேன்: வீட்டு 230 வோல்ற்று மின்சாரத்தை அரிசிக்குள் கம்பி செருகிச் செலுத்திப் பார்க்கும் எண்ணம் எவருக்கும் வரக்கூடாது. 50 ஹேர்ட்ஸில் வண்டுக்கு ஒன்றும் ஆகாது. ஆளுக்கு உயிர் போகும்.

கேள்வி: பூச்சிகளின் உடலில் மின்னேற்றம் இருக்கிறது என்று எங்கோ வாசித்தேன். அதைப் பயன்படுத்த முடியாதா? (வாசகர், தெல்லிப்பழை)

பதில்: முடியும், எனக்கு மிகவும் நம்பிக்கை தருவது இந்தப் பகுதிதான். நடக்கும்போதும் பறக்கும்போதும் பூச்சியின் மேற்றோல் உராய்வால் நிலைமின்னேற்றம் பெறுகிறது. அதைவிட வியப்பானது, அவை மின்புலத்தை உணர்ந்து விலகிப் போவது. இங்கிலாந்தின் சௌதாம்ப்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கரப்பான்கள் நிலையான மின்புலத்தைத் தவிர்த்துச் செல்வதை 2008 இல் வெளியிட்டார்கள். புலத்தால் வளையும் உணர்கொம்புகளே அவற்றுக்கு அதை அறிவிக்கின்றன. ஜப்பானின் கின்கிப் பல்கலைக்கழகத்தில் இதைக் கொண்டு ஒரு திரை செய்திருக்கிறார்கள். காப்பிட்ட கம்பிகளை அருகருகே நிரைப்படுத்தி உயர் வோல்ற்றளவில் மின்னேற்றி, அவற்றுக்கு முன்னால் புவித்தொடுப்புச் செய்த வலையை வைக்கிறார்கள். வலைக்கு வரும் பூச்சிகளிற் பல, உணர்கொம்பை உள்ளே நீட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகின்றன. உள்ளே புகுந்தவை கம்பியோடு ஒட்டுண்டு போகின்றன. மின்னோட்டம் மிகச் சொற்பமாகையால் மின்செலவும் சிறிது; காற்று தடையின்றி உள்ளே வருகிறது. களஞ்சியத்தின் யன்னலுக்கும் காற்றுத் துவாரத்துக்கும் இது ஏற்றது. கிளிநொச்சி அறிவியல் நகரில் பொறியியல் படிக்கும் எங்கள் பிள்ளைகள் ஓர் இறுதியாண்டுத் திட்டமாக எடுத்துச் செய்யத் தக்க அளவு எளிமையானது. ஏற்கெனவே மூட்டைக்குள் இருக்கும் வண்டை அது ஒன்றும் செய்யாது என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

கேள்வி: நீங்கள் சொல்வதெல்லாம் வரும் வரைக்கும் நாங்கள் என்ன செய்வது? கடையில் தந்த குளிசையை உழுந்து மூட்டைக்குள் போட்டு வைத்திருக்கிறோம். (வாசகி, கொடிகாமம்)

பதில்: அந்த மூட்டை ஆட்கள் படுக்கும் அறையிலோ அதற்கு அடுத்த அறையிலோ இருந்தால், இதை வாசித்த உடனே எல்லோரும் வீட்டுக்கு வெளியே வந்துவிடுங்கள். யன்னல் கதவுகள் எல்லாவற்றையும் திறந்துவிட்டு, விவசாயப் போதனாசிரியரிடம் சொல்லும் வரைக்கும் மூட்டையில் கை வைக்காதீர்கள். அந்தக் குளிசை அலுமினியம் பொஸ்பைட்டாகத்தான் இருக்கும். காற்றின் ஈரத்தோடு சேர்ந்து அது வெளிவிடும் பொஸ்பீன் வண்டைக் கொல்வதுபோலவே உறங்கும் பிள்ளையையும் கொல்லும். அதற்கு மாற்று மருந்து கிடையாது. யாருக்காவது தலைச்சுற்றோ ஓங்காளமோ மூச்சுத்திணறலோ இருந்தால் நேரே வைத்தியசாலைக்குப் போங்கள். அந்தக் குளிசையைப் பயிற்சி பெற்றவர்கள், ஆளில்லாத, காற்றுப் புகாதபடி மூடிய களஞ்சியத்தில் மட்டுமே கையாள வேண்டும்.

உழுந்துக்கும் பயறுக்கும், மின்சாரம் இல்லாமலே அதே சூட்டு வழியைப் பின்பற்றலாம். பயறு வண்டின் முட்டை, புழு, கூட்டுப்புழு, வண்டு ஆகிய நான்கு நிலைகளும் 57 பாகையில் ஒரு மணித்தியாலம் இருந்தால் இறந்துவிடுகின்றன. வெறும் நிலத்தில் பரப்பிய பயறு அந்தச் சூட்டை எட்டாது. முற்றத்தில் வைக்கோலையோ இரண்டு சாக்கையோ விரித்து, அதன்மேல் கறுப்புப் பொலித்தீனைப் போட்டு, பயறை இரண்டு விரற்கடைக்கு மேற்படாமல் பரப்புங்கள். மேலே கண்ணாடி போன்ற பொலித்தீனால் மூடி, சுற்றிவரக் கல் வைத்துக் காற்றுப் புகாமல் அழுத்திவிடுங்கள். மேகமில்லாத நாளில் முற்பகல் பதினொரு மணிக்கு வைத்தால் இரண்டு மணிக்கு எடுக்கலாம். விதைக்கு வைத்திருப்பதை இப்படிச் செய்ய வேண்டாம். அதை வழமைபோல் நிழலும் வெயிலுமாகக் காயவிட்டு, காற்றுப் புகாத கலனில் வையுங்கள். சூடாக்கிய பயறைச் சுளகில் புடைத்து, நன்றாக ஆறிய பின்பே வாளியில் போட்டு மூடுங்கள். சூட்டோடு மூடினால் மூடியின் உட்புறம் வியர்த்து அந்த நீர் பயறில் சொட்டும், பூஞ்சணம் பிடிக்கும்.